5 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள்: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஹாலின் ஒரு மூலையில் டாக் (டிஜிட்டல் சிக்னலை அனலாக் ஒலிச் சிக்னலாக மாற்றும் கருவி), அதன் பக்கத்தில் டிவியும் டிடிஎச் பெட்டியும். பவர் ஆம்ப் எதிர்ச் சுவரில், ஸ்பீக்கர்களுக்கு நடுவில். இடையில் கேபிள் 5 மீட்டர் ஓட வேண்டும். இப்போது ஆர்சிஏ கேபிள் போட்டிருக்கிறீர்கள், பாட்டு நின்றதும் ‘உம்ம்’ என்று ஓர் இரைச்சல், அதாவது ஹம், கேட்கிறது. டாக்கிலும் ஆம்பிலும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் சாக்கெட்டும் உண்டு. கடைக்காரர் வெள்ளிக் கேபிள் ஒரு ஜோடிக்கு 42,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா, இல்லை மலிவாக ஏதாவது போதுமா? சப்வூஃபரில் ஆர்சிஏ மட்டும்தான் இருக்கிறது, அதை எப்படி இணைப்பது?

எக்ஸ்எல்ஆருக்கு மாறுங்கள், 5 மீட்டர் தூரத்துக்கு அதுதான் சரி. ஆனால் 42,000 ரூபாய் தராதீர்கள். ஒலிப்பதிவுக் கூடங்களில் தினமும் புழங்கும் ஸ்டூடியோ கேபிள், நல்ல கனெக்டர், சுத்தமான சாலிடர் வேலை, இவ்வளவு போதும். எக்ஸ்எல்ஆரில் சிக்னலுக்கு இரண்டு சமமான கம்பிகளை வைக்கும் பேலன்ஸ்டு இணைப்பு என்ற ஏற்பாடு உருவானதே கேபிளின் குறைகள் ஒலியில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான். அதனால் ஆர்சிஏவில் கேபிளுக்கு இருக்கும் முக்கியத்துவம்கூட இங்கே கிடையாது. விலை உயர்ந்த கேபிள் வாங்கியே தீர வேண்டும் என்றால் அதற்கு மிகப் பொருத்தமில்லாத இடம் இதுதான்.

ஏன் அப்படி என்பதற்கு முதலில் ஹம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆர்சிஏ கேபிளில் இரண்டே பாதைகள்: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் ஷீல்டு. சிக்னல் நடுக்கம்பி வழியே போய் ஷீல்டு வழியே திரும்புகிறது. டாக்கின் பாடிக்கும் ஆம்பின் பாடிக்கும் இடையிலான இணைப்பும் அதே ஷீல்டுதான். இரண்டும் எர்த் உள்ள 3 பின் பிளக்கில், வெவ்வேறு சாக்கெட்டில் செருகியிருந்தால், அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே எப்போதும் சிறிய மின்னழுத்த வித்தியாசம் இருக்கும். அதனால் ஷீல்டு வழியே 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் ஓடும். ஷீல்டுக்கும் பிளக் தொடுகைக்கும் சேர்த்து 0.1 ஓம் மின்தடை, ஓடுவது 10 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1 மில்லிவோல்ட். அது சிக்னலோடு நேரடியாகக் கலந்து ஆம்புக்குள் போய்விடும், அதைப் பிரித்தறிய ஆம்புக்கு எந்த வழியும் இல்லை.

1 மில்லிவோல்ட் அற்பமாகத் தெரியலாம். பவர் ஆம்ப் அதை 20 மடங்கு பெருக்கினால் ஸ்பீக்கரில் 20 மில்லிவோல்ட். 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரில், 1 மீட்டர் தள்ளி, அது 47 டெசிபல். வெறும் 50 ஹெர்ட்ஸுக்குக் காது மந்தம்தான். ஆனால் அதோடு 100, 150 ஹெர்ட்ஸ் என்று மேல் சுரங்களும் சேர்ந்தே வரும். இரவில் ஒரு வீணைக் கச்சேரி கேட்கும்போது, மீட்டிய தந்தி அடங்கி அடங்கி மறையும் அந்தக் கடைசி நொடிகளை இது விழுங்கிவிடும். அதற்காகத்தானே இவ்வளவு செலவு செய்து ஸ்பீக்கர் வாங்குகிறோம்.

எக்ஸ்எல்ஆரில் மூன்று பின். 1 ஷீல்டு, 2 ஹாட் (hot), 3 கோல்டு (cold). சிக்னல் 2க்கும் 3க்கும் நடுவில் மட்டுமே ஓடுகிறது, ஷீல்டுக்குச் சிக்னலைச் சுமக்கும் வேலை இல்லை. எர்த் மின்னோட்டம் ஷீல்டில் ஓடினால் ஓடிவிட்டுப் போகட்டும். இரண்டு கம்பியிலும் சமமாக ஏறுகிற இரைச்சலை, ஆம்பின் இன்புட் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒதுக்கிவிடும். தராசின் இரு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டினால் முள் அசையாது, அந்த மாதிரி. எவ்வளவு ஒதுக்குகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் சிஎம்ஆர்ஆர். 60 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும். மேலே சொன்ன 1 மில்லிவோல்ட், 1 மைக்ரோவோல்ட் ஆகிவிடும்.

இங்கே ஒரு தவறான கருத்து பரவலாக இருக்கிறது. பின் 2இல் போகும் சிக்னலைத் தலைகீழாக்கி பின் 3இல் அனுப்புவதால்தான் இரைச்சல் கழிகிறது என்று பலரும் விளக்குகிறார்கள். பெரும்பாலான டாக்குகள் அப்படி அனுப்புகின்றன, உண்மைதான். ஆனால் இரைச்சல் கழிவதற்குக் காரணம் அது இல்லை. இரண்டு கம்பிகளுக்கும் எர்த்தைப் பொறுத்து மின்மறுப்பு (இம்பீடன்ஸ், மாறும் மின்சாரத்துக்கு இருக்கும் தடை) சமமாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. பல மிக்ஸர்களில் பின் 3இல் சிக்னலே வராது. பின் 2இல் இருக்கும் அதே அளவு ரெசிஸ்டரைப் பின் 3இலும் போட்டு கிரவுண்டோடு இணைத்திருப்பார்கள். அதுவும் முழுமையான பேலன்ஸ்டு இணைப்புதான். ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தை நடத்திய பில் விட்லாக் இதைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப எழுதியும் பேசியும் வந்தார். இது பிடிபட்டுவிட்டால், கேபிளிடம் நாம் கேட்க வேண்டியதும் தெளிவாகிவிடும்: இரண்டு கம்பியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், நெருக்கமாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும், முனைகளில் தொடுகை சுத்தமாக இருக்க வேண்டும்.

இந்த முறுக்குக்கு வயது அதிகம். தொலைபேசி வந்த புதிதில் ஒரே கம்பியில் பேச்சை அனுப்பி, பூமி வழியாகத் திரும்பவைத்தார்கள். மின்சாரமும் டிராமும் ஊருக்குள் வந்ததும் அந்தக் கம்பிகளில் ஒரே இரைச்சல். இரண்டு கம்பியை முறுக்கி ஓட்டினால் இரைச்சல் குறையும் என்று அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். பிறகு வானொலி நிலையங்களும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதே முறையை எடுத்துக்கொண்டன. மைக்கிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னல், மின்விளக்குகளுக்கும் மோட்டார்களுக்கும் நடுவே, நூறு மீட்டருக்குமேல் சேதமில்லாமல் போகிறது. உங்கள் டாக்கிலிருந்து வருவதோ 4 வோல்ட், போக வேண்டிய தூரம் 5 மீட்டர்.

சரி, கடைக்காரர் சொல்லும் வெள்ளிக்கு வருவோம். வெள்ளி தாமிரத்தைவிட நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் வித்தியாசம் 5, 6 சதவீதம்தான். 22 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) தாமிரக் கம்பி 5 மீட்டருக்கு ஏறத்தாழ கால் ஓம். போக வர அரை ஓம். ஆம்பின் இன்புட் 20,000 ஓம். இந்த அரை ஓமால் இழக்கும் ஒலி அளவு, ஒரு டெசிபலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் 6 சதவீதம் முன்னேற்றத்துக்குத்தான் அந்த விலை.

‘ஸ்கின் எஃபெக்ட்’ என்று சொல்வார்கள். அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் மேற்பரப்புக்கு ஒதுங்குவது உண்மை. 20,000 ஹெர்ட்ஸில் தாமிரத்தில் அதன் ஆழம் கிட்டத்தட்ட 0.47 மில்லிமீட்டர். 22 கேஜ் கம்பியின் மையத்திலிருந்து மேற்பரப்புக்கு இருக்கும் தூரமே 0.32 மில்லிமீட்டர்தான். ஆக, கம்பி முழுவதும் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ‘கேரக்டரிஸ்டிக் இம்பீடன்ஸ்’, அதாவது சிக்னல் அலை கேபிள் முனையில் எதிரொலிக்காமல் இருக்கப் பொருந்த வேண்டிய மின்மறுப்பு, பற்றிய பேச்சும் வரும். 20,000 ஹெர்ட்ஸ் சிக்னலின் அலைநீளம் கேபிளுக்குள் 10 கிலோமீட்டர் அளவுக்கு வரும். 5 மீட்டர் கேபிளில் அந்த விஷயம் தலையெடுக்கவே செய்யாது. அது முக்கியமாவது ஏஇஎஸ் என்ற டிஜிட்டல் ஆடியோ முறையின் சிக்னலுக்கு, அதற்கு 110 ஓம் கேபிள் வேண்டும். அந்த டிஜிட்டல் கேபிளிலும் இதே எக்ஸ்எல்ஆர் கனெக்டர்தான் இருக்கும். அதை அனலாக் இணைப்புக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாதாரண மைக் கேபிளை நீண்ட டிஜிட்டல் இணைப்புக்குப் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

கேபிளின் மின்பண்புகளில் நான் உண்மையில் கணக்கிட்டுப் பார்ப்பது ஒன்றைத்தான்: கெபாசிட்டன்ஸ், அதாவது கம்பிகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் அளவு. அது அனுப்பும் கருவியின் அவுட்புட் மின்மறுப்போடு சேர்ந்து, உயர் ஒலிகளை வெட்டும் ஒரு வடிகட்டியாகிறது. நான்கு கம்பி கொண்ட ஸ்டார் குவாட் வகைக் கேபிளில் கெபாசிட்டன்ஸ் கூடுதல், மீட்டருக்குச் சுமார் 150 பிகோஃபாரட். 5 மீட்டருக்கு 750. உங்கள் டாக்கின் அவுட்புட் 100 ஓம் என்றால் வெட்டு தொடங்கும் இடம் 20 லட்சம் ஹெர்ட்ஸுக்கும் மேலே. காதுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் நடுவில் மின்சாரம் இல்லாமல் வேலை செய்யும் 50,000 ஓம் பாசிவ் வால்யூம் கன்ட்ரோல் ஒன்றை வைத்திருந்தால் கதை மாறும். அதன் அவுட்புட் மின்மறுப்பு சில நிலைகளில் 12,500 ஓம்வரை ஏறும். அப்போது அதே கேபிளில் வெட்டு 17,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், இது கேட்கக்கூடியது. கேபிள் மாற்றினால் ஒலி மாறியது என்று ஒருவர் சொல்லும்போது நான் முதலில் கேட்பது, நடுவில் இப்படி ஏதாவது இருக்கிறதா என்றுதான். உங்களிடம் இல்லை, டாக்கிலேயே வால்யூம் இருக்கிறது. நல்லது.

ஒலி மாறியது என்று தோன்றுவதற்கு இன்னொரு காரணம் உங்களுக்கே நேரப்போகிறது, அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். ஆர்சிஏவில் 2 வோல்ட் தரும் டாக் எக்ஸ்எல்ஆரில் பொதுவாக 4 வோல்ட் தரும். அதாவது 6 டெசிபல் கூடுதல் சத்தம். மாற்றிச் செருகியதும் பாஸ் திரண்டது போலவும் குரல் முன்னே வந்தது போலவும் இருக்கும். வால்யூமை 6 டெசிபல் இறக்கிவிட்டுப் பிறகு ஒப்பிடுங்கள். கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போதும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சத்த அளவு சமமாக இல்லாத ஒப்பீட்டை வைத்து யாரும் பணம் செலவழிக்கக் கூடாது.

கேபிளைவிட இன்புட்தான் பெரிய விஷயம். எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருப்பதாலேயே ஒரு ஆம்ப் பேலன்ஸ்டு ஆகிவிடாது. சில ஆம்புகளில் பின் 3ஐ உள்ளே கிரவுண்டோடு சேர்த்துவிட்டு, ஆர்சிஏ போலத்தான் நடத்துகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆம்பை அணைத்து, பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் ஓம் நிலை வைத்து இன்புட் சாக்கெட்டில் பின் 3க்கும் பின் 1க்கும் இடையே பாருங்கள். சுழியம் காட்டினால் அது பெயருக்கு எக்ஸ்எல்ஆர், எந்தக் கேபிளாலும் அங்கே பயன் இல்லை. ஆயிரக்கணக்கான ஓம் காட்டினால் நிம்மதி. பின் 2க்கும் பின் 3க்கும் அளவு கொஞ்சம் வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம், இரண்டு சிக்னலைக் கழிக்கும் எளிய டிஃபரன்ஷியல் சர்க்யூட்டில் அப்படித்தான் காட்டும். உண்மையான பேலன்ஸ்டு இன்புட்டிலும் தரம் வேறுபடும். ஒரு ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு ஐசி), நான்கு சாதாரண 1 சதவீத ரெசிஸ்டர் என்று அமைத்தால் மோசமான நிலையில் சிஎம்ஆர்ஆர் 34 டெசிபல்தான் உறுதி. 0.1 சதவீத ரெசிஸ்டர் போட்டால் 54. ஒரே சில்லில் லேசரால் திருத்திய ரெசிஸ்டர்களோடு வரும் ஐசிக்களில் 90ஐ எட்டலாம். ஆம்பின் மேனுவலில் சிஎம்ஆர்ஆர் அளவு போட்டிருந்தால், அந்த நிறுவனம் இதைப் பற்றி யோசித்திருக்கிறது என்று அர்த்தம்.

இதோடு சேர்ந்த இன்னொரு கோளாறுக்கு ‘பின் 1 பிரச்சினை’ என்று பெயர். நீல் மன்சி என்ற பொறியாளர் 1995இல் ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் இதை விரிவாக எழுதினார். ஷீல்டு வந்து சேரும் பின் 1, கருவியின் உலோகப் பெட்டியோடு நேராக இணைய வேண்டும். அப்படிச் செய்யாமல் சர்க்யூட் போர்டின் சிக்னல் கிரவுண்டோடு இணைத்துவிட்டால், ஷீல்டில் வரும் எர்த் மின்னோட்டம் போர்டுக்குள் புகுந்து ஹம் ஆகிவிடும். கேபிளின் மேல் எந்தத் தப்பும் இருக்காது. 2005இல் அந்தச் சொசைட்டி ஏஇஎஸ்48 என்று இதற்கென ஒரு தரநிலையே வெளியிட்டது. உங்கள் ஆம்பில் இந்தக் கோளாறு இருந்தால், ஆம்ப் பக்க முனையில் மட்டும் ஷீல்டைக் கழற்றிவிட்ட ஒரு கேபிள் செய்து பார்க்கலாம். ஆனால் முதலிலேயே அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு முனையிலும் ஷீல்டு இணைந்திருப்பதுதான் இயல்பான முறை, ரேடியோ அலைகளைத் தடுக்கவும் அதுவே நல்லது.

இப்போது என்ன வாங்குவது என்று பார்ப்போம். கேபிளில் மொகாமி 2549, கனாரே எல்-4இ6எஸ், பெல்டன் 1800எஃப் ஆகிய மூன்றில் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளலாம். 2549 வளைந்து கொடுக்கும், சாலிடர் செய்யவும் சுலபம். 1800எஃப் 110 ஓம் டிஜிட்டல் கேபிள், கெபாசிட்டன்ஸ் மிகக் குறைவு. கனாரே ஸ்டார் குவாட்: நான்கு கம்பிகளை முறுக்கி, எதிரெதிர் இரண்டிரண்டாக இணைப்பது. காந்தப் புலத்திலிருந்து வரும் ஹம்மை, சாதாரண முறுக்குக் கம்பியைவிட இது இன்னும் 10 முதல் 20 டெசிபல்வரை குறைக்கும். உங்கள் கேபிள் டிவிக்குப் பின்னால், இன்வெர்ட்டர் இருக்கும் சுவரை ஒட்டி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மர் பெரிய காந்தப் புலம் வீசும் பொருள். தாமிர ஷீல்டு 50 ஹெர்ட்ஸ் காந்தப் புலத்தைத் தடுக்காது. கம்பிகளின் முறுக்கும், தள்ளி வைக்கும் தூரமும்தான் தடுக்கும். அதனால் உங்கள் வீட்டுக்கு நான் ஸ்டார் குவாட்டையே சொல்வேன். கூடவே, இன்வெர்ட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்டுங்கள். மின்வயரைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கட்டும், பக்கத்திலேயே இணையாகப் போக வேண்டாம்.

ஷீல்டில் பின்னல், சுருள், ஃபாயில் என்று வகைகள் உண்டு. ஃபாயில் முழுக்க மூடும், ஆனால் அடிக்கடி வளைத்தால் கிழியும். ஒருமுறை சுவரோரம் போட்டுவிட்டு மறந்துவிடும் இணைப்புக்கு எதுவும் சரி.

கனெக்டரில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். லீக்டன்ஸ்டைனின் நியூட்ரிக் நிறுவனத்து எக்ஸ்எக்ஸ் வரிசை உலகம் முழுக்கப் பழகிய ஒன்று, கேபிளை இறுக்கிப் பிடிக்கும், கழற்றித் திரும்பச் சாலிடர் செய்யலாம். தொடுகை மோசமாகி ஒரு பின்னில் மட்டும் மின்தடை ஏறினால், இரண்டு கம்பிக்கும் இடையிலான சமநிலை கெட்டு சிஎம்ஆர்ஆர் இறங்கும். பேலன்ஸ்டு இணைப்பில் கேபிள் பக்கமிருந்து வரக்கூடிய உண்மையான கோளாறு இதுதான். கடலோர ஊர்களின் உப்புக்காற்றில் வெள்ளிப் பூச்சு கறுக்கும், அங்கே தங்கப் பூச்சுப் பின் உள்ளதை வாங்கினால் பல வருடம் பிரச்சினை இல்லை. போலி நியூட்ரிக் சந்தையில் நிறைய இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் எடுக்காதீர்கள். அதிகாரப்பூர்வ விநியோகஸ்தரிடமே கேளுங்கள், சில நூறு ரூபாய் வித்தியாசம்தான் வரும்.

சாலிடர் பழக்கம் இல்லையென்றால் மேடைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் சிஸ்டம் போடுபவர்களிடம் கொடுங்கள். அவர்கள் கையில் இந்த வேலை அழகாக வரும். தேவையான நீளத்தைவிட அரை மீட்டர் கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள், கருவியை இழுத்துத் திருப்ப இடம் வேண்டும். இடது வலது இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் பார்க்க ஒழுங்காக இருக்கும். வேறுபட்டாலும் ஒலிக்கு ஒன்றும் ஆகாது, ஒரு மீட்டர் வித்தியாசத்தில் சிக்னல் 5 நானோவிநாடிதான் தாமதிக்கும்.

ஆனால் இவற்றில் எதையும் வாங்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஹம்மைத் தேடுவதற்கு ஒதுக்குங்கள். முதலில் ஆம்பின் இன்புட்டில் எதையும் செருகாமல் ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் அப்போதும் ஹம் இருந்தால் கோளாறு ஆம்புக்குள். ஸ்பீக்கர் அமைதியாக இருந்து, ஆம்பின் பெட்டியிலிருந்தே ‘உர்ர்’ என்று கேட்டால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. மின்சாரம் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் அது கூடினால், இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கலாம். அதைத் தீர்க்க சைன் அலை இன்வெர்ட்டர்தான் வழி, கேபிள் இல்லை. அடுத்து டாக்கை மட்டும் இணைத்துக் கேளுங்கள். அப்புறம் டிடிஎச் பெட்டியிலிருந்து டாக்குக்கு வரும் கோஆக்சியல் வயரைச் செருகுங்கள். ஹம் அந்த நொடியில்தான் குதிக்கும் என்று நினைக்கிறேன். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரின் ஷீல்டு எங்காவது கட்டட இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், உங்கள் ஆம்ப் வீட்டு எர்த்தோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவே வட்டம் பூர்த்தியாகிவிடும். அப்படியானால் கோஆக்சியலை எடுத்துவிட்டு டிவியின் ஆப்டிகல் அவுட்புட்டிலிருந்து டாக்குக்கு ஒரு ஒளியிழைக் கேபிள் போடுங்கள். ஒளி வழியே எர்த் மின்னோட்டம் போகாது. சில நூறு ரூபாயில் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். டாக், டிவி, ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுத்தால் இன்னும் குறையும், 5 மீட்டர் தள்ளி இருக்கும் ஆம்புக்கும் நல்ல எக்ஸ்டென்ஷன் போட முடியுமானால் போடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஹம் போவதற்காக ஆம்பின் எர்த் பின்னை வெட்டுவதும், 3 பின்னை 2 பின்னாக்கும் அடாப்டர் போடுவதும் நம் ஊரில் சகஜமாக நடக்கிறது. ஹம் போகத்தான் செய்யும். ஆனால் என்றாவது உள்ளே ஒரு வயர் கழன்று பெட்டியைத் தொட்டால், அந்தப் பெட்டி முழுவதும் 230 வோல்ட் இருக்கும், ஃபியூஸ் போகாது, குழந்தை கை வைக்கும். யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தப் பின்னைத் தொடாமலேயே ஹம்மை அடக்கத்தான் பேலன்ஸ்டு இணைப்பு இருக்கிறது.

கடைசியாக சப்வூஃபர். இது கொஞ்சம் கவனம் தேவைப்படும் இடம். எக்ஸ்எல்ஆர் அவுட்புட்டிலிருந்து ஆர்சிஏ இன்புட்டுக்குப் போகும்போது பின் 2 நடுக்கம்பிக்கு, பின் 1 வெளி வளையத்துக்கு. பின் 3ஐ என்ன செய்வது என்பது டாக்கின் அவுட்புட் வகையைப் பொறுத்தது. டிரான்ஸ்ஃபார்மர் அவுட்புட் என்றால் பின் 3ஐப் பின் 1உடன் இணைக்க வேண்டும், இல்லாவிட்டால் சத்தமே சரியாக வராது. ஆனால் பெரும்பாலான டாக்குகளில் இரண்டு கம்பிக்கும் தனித்தனி ஆப்ஆம்ப் இருக்கும். அங்கே பின் 3ஐக் கிரவுண்டோடு இணைத்தால் அந்த ஆப்ஆம்ப் ஷார்ட் ஆகி, சூடேறி, ஒலியும் சிதையலாம். அதைச் சும்மா விட்டுவிட வேண்டும். கடையில் கிடைக்கும் ஆயத்த எக்ஸ்எல்ஆர்-ஆர்சிஏ அடாப்டர்களில் பல பின் 3ஐயும் பின் 1ஐயும் சேர்த்தே வருகின்றன. செருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். உங்கள் டாக்கில் ஆர்சிஏ அவுட்புட்டும் எக்ஸ்எல்ஆரோடு சேர்ந்தே வேலை செய்கிறது என்றால் இந்தச் சிக்கலே வேண்டாம். ஆம்புக்கு எக்ஸ்எல்ஆர், சப்வூஃபருக்கு டாக்கின் ஆர்சிஏவிலிருந்து தனிக் கேபிள். சப்வூஃபர் 2 பின் பிளக்காக இருந்தால் எர்த் வட்டம் பெரும்பாலும் வராது. 3 பின்னாக இருந்து ஹம் வந்தால், அந்த ஆர்சிஏ இணைப்பில் மட்டும் ஒரு நல்ல ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு கருவிகளுக்கும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துவது) போடுங்கள். ஜென்சன் ஐசோ-மேக்ஸ் போன்றவை இதற்காகவே செய்யப்பட்டவை. மலிவான சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் ஆழ்ந்த பாஸில் திணறும், சப்வூஃபருக்குப் போய் அவற்றை வாங்குவதில் அர்த்தமில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் உங்களுக்கு ஒருநாள் வரலாம். பழைய சிடி பிளேயரில் ஆர்சிஏ மட்டும் இருக்கும், அதை இந்த ஆம்பின் எக்ஸ்எல்ஆரில் செருக விரும்புவீர்கள். அதற்கு ஆர்சிஏ கேபிளோடு அடாப்டர் போடுவதைவிட, இரண்டு கம்பியும் ஷீல்டும் உள்ள இதே ஸ்டூடியோ கேபிளில் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஆர்சிஏ முனையில் ஹாட் நடுவிலும், கோல்டும் ஷீல்டும் சேர்ந்து வெளி வளையத்திலும். எக்ஸ்எல்ஆர் முனையில் வழக்கம்போல மூன்றும் தனித்தனியாக. எர்த் மின்னோட்டம் ஷீல்டில் ஓடும், சிக்னல் கோல்டு வழியே திரும்பும், கழிக்கும் வேலையை ஆம்பின் இன்புட் செய்யும். முழு பேலன்ஸ்டு அளவுக்கு இல்லாவிட்டாலும், ஹம் வெகுவாகக் குறையும்.

கேபிள் செய்து கைக்கு வந்ததும், செருகும் முன், ஒரு முனையின் 1, 2, 3 மறுமுனையின் 1, 2, 3உடன் அதே வரிசையில் சேர்கிறதா, ஒன்றோடொன்று எங்கும் ஷார்ட் இல்லையா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு கேபிளில் மட்டும் 2உம் 3உம் மாறியிருந்தால் இடதும் வலதும் எதிரெதிராகத் தள்ளி, பாஸ் காணாமல் போகும், பாடகர் நடுவில் நிற்க மாட்டார். அப்படிக் கேட்டால் உடனே கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். சரிபார்த்த பிறகு, ஆம்பை அணைத்துவிட்டுச் செருகுங்கள். உங்களுக்கு மிச்சமாகும் பணத்தில் ஒரு கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் வாங்கி, ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஓர் அடி ஓர் அடியாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். அந்த மாற்றம் முதல் பாட்டிலேயே தெரியும்.